சுகர் வரிசையில் நின்ற அண்ணன்

டாக்டர் கமலவேணி இறந்த செய்தி மிளகாய்க் களத்தில் இருந்தபோதுதான் எங்களுக்கு வந்தது. கடலாடி ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போன அண்ணன் வெறுங்கையோடு திரும்பி வந்து, "டாக்டரம்மா போயிட்டாக" என்றான். வத்தலைக் கிளறிக்கொண்டிருந்த மதினி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவரைத் தெரிந்தவர்கள் அவர் பார்த்த பிரசவங்களைப் பற்றிப் பேசுவீர்கள். நான் எழுதப்போவதை யாரும் பேசமாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இதை எழுதினாள் என்று தெரிந்தால் அய்யா என்னைச் சும்மா விடமாட்டார். எல்லோரும் தூங்கிய பிறகு, பயந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

அண்ணனைக் கட்டி மூன்று வருடமாகியும் மதினிக்குக் குழந்தை இல்லை. அம்மா இருவரையும் திருப்புல்லாணிக் கோயிலுக்குக் கூட்டிப்போய், பிள்ளை வரம் தரும் பாயசப் பிரசாதம் வாங்கிக் கொடுத்தாள். அது போதாதென்று வெள்ளிக்கிழமைதோறும் வீட்டிலேயே கருப்பட்டி போட்டுப் பாயசம் காய்ச்சி, அண்ணனுக்கு ஒரு செம்பு கொடுத்தாள். லாட்ஜில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கும் ஒருவர் கொடுத்த லேகியத்தையும் அண்ணன் ரகசியமாகத் தின்றுகொண்டிருந்தான். குற்றம் மட்டும் மதினியின் மேல் விழுந்தது. "பங்குனிக்குள்ள ஒண்ணும் இல்லன்னா அவ ஆத்தா வீட்டுல கொண்டு விட்டுரு" என்று அம்மா அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

மதினிக்குத் துணையாக நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சீட்டைக்கூட வாங்கவில்லை.

"நீ மட்டும் வந்தா நான் எதுவும் பாக்க மாட்டேன். ஒம் புருசன் எங்க?"

"பொம்பளைக நிக்கிற எடத்துக்கு வர வெக்கப்படுறாக டாக்டர்."

"அப்ப சுகர் வரிசையில வந்து நிக்கச் சொல்லு. அங்கன முக்காவாசி ஆம்பளைகதான். எதுக்கு நிக்கிறன்னு ஒரு பய கேக்கமாட்டான்."

இப்படித்தான் எத்தனையோ பேரை அவர் வரவழைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அண்ணனும் போய் நின்றான். விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். பேருக்கு நின்றவனுக்கு நிஜமாகவே சுகர் இருந்தது. மிகவும் அதிகமாக இருந்தது. டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டு விளக்கினார்.

அன்று சாயங்காலம் களத்தில், கூலிக்கு வந்த பெண்கள் எல்லோரும் இருக்கும்போதே, "ஒம் பெட்டிய எடுத்து வச்சிட்டியா?" என்று அம்மா மதினியைக் கேட்டாள். அண்ணன் தோளில் இருந்த சாக்கைக் கீழே போட்டான்.

"அவ எங்கயும் போகமாட்டா. கொறை எனக்குத்தான்."

"ஏலே, வாய மூடு. நாலு பேரு நிக்கிறாக."

"நிக்கட்டும். சுகர் கூடுனா ரத்தக்குழாயும் நரம்பும் கெடுமாம். அதுல எனக்கு வந்தது விறைப்புக் குறைபாடாம். பிரசராலயும் பீடியாலயும் மனக்கவலையாலயும்கூட வருமாம். வைத்தியம் பாத்தா சரியாயிரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. நீ ஊத்துன பாயசம்தான் சுகர ஏத்தி விட்டுருக்கு."

கூலிக்கு வந்த அன்னக்கிளி அக்காதான் முதலில் வாயைத் திறந்தது: "அப்ப புள்ளைக்குப் பாயசம் காச்சி, சுகரத்தான் பெத்திருக்கீக!" மதினி உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மறுவாரம் அம்மா சண்டை போடவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். "சாமி பாயசத்தையா கொறை சொன்னீக?"

"சாமி குடுத்தது ஒரு கை. நீங்க குடுத்தது ஒரு செம்பு" என்றார் டாக்டரம்மா.

பிறகு அம்மாவை உட்காரவைத்துப் பேசினார். சுகர் மாத்திரை, நடை, பீடியை விடுவது, இவைதான் முதல் வைத்தியம். லேகியம் குப்பைக்குப் போகவேண்டும். "இதுக்குன்னே மாத்திரையும் இருக்கு. நெஞ்சப் பரிசோதிச்சுட்டு நானே எழுதித் தாரேன். கேக்காம கடையில வாங்கித் தின்னா, நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்புடுறவனுக்கு உசுருக்கே ஆபத்து" என்றார். அந்த வெள்ளிக்கிழமை அம்மா பாயசம் காய்ச்சவில்லை.

இன்று அண்ணன் பீடியைத் தொடுவதில்லை. சுகருக்கு மட்டும் மாத்திரை தொடர்கிறது, அந்தக் குறை குணமாகிவிட்டது என்று டாக்டரம்மாவே சொன்னார். குழந்தை இன்னும் இல்லை. அதைப் பற்றி மதினியிடம் கேட்கும் தைரியம் இப்போது யாருக்கும் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கும் ஆட்களை அண்ணனே சுகர் வரிசைக்குக் கூட்டிப்போகிறான். மீசையை முறுக்கும் ஊரில், தன் நோயின் பெயரை நாலு பேர் முன்னால் சொன்ன அண்ணன் எனக்கு இருக்கிறான். அவனுக்கு அந்த வாயைக் கொடுத்தவர் எங்கள் டாக்டர்.

அவர் விட்டுப்போனதில் என் பங்கு மதினிதான். நாளைக் காலை நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, எனக்குத் தலை பின்னிவிட அவள் இந்த வீட்டில் இருப்பாள்.