எண்ணூர் சாலையில் என் எழுத்தைப் பார்க்கப் போனேன்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, வெறும் பெருமைக்காகத்தான் ராயபுரம் போனேன். நெடுஞ்சாலைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து நான் வரைந்த எழுத்துருக் குடும்பம் ஒன்று உண்டு. வால், கொடுக்கு ஏதும் இல்லாத எழுத்து. மெலிசு முதல் தடி வரை ஆறு வகை. எண்ணூர்ப் பக்கம் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டு அதைத் தன் வழிகாட்டிப் பலகைகளுக்கு வாங்கியிருந்தது. சொந்த எழுத்தை ரோட்டில் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது!

காலை 6.40க்கு ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் ஸ்டெல்லா அக்கா. யார்டு வரை பன்னிரண்டு கிலோமீட்டர், நானூறு ரூபாய். திருவொற்றியூர் தாண்டியதும் டிரெய்லர் வரிசை. அங்கேயே முக்கால் மணி நேரம் போச்சு. இறங்கும்போது 8.05.

பக்கத்தில் நின்று பார்த்தால் பலகை அழகாகத்தான் இருந்தது. போட்டோ எடுக்க நூறடி பின்னால் போனேன். ஐயோ! கரித்தூசி படிந்து, சுழிகள் அடைத்து, தமிழ் வரி ஒரே கறுப்புக் கட்டையாகத் தெரிந்தது. இங்கிலீஷுக்கு இடம் வேண்டும், தமிழை ஒடுக்குங்கள் என்று யார்டில் கேட்டிருந்தார்கள். ஒடுக்கினேன். கோயம்புத்தூரில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து, மானிட்டரில் பார்த்து, பிரமாதம் என்று அனுப்பியும் விட்டேன். ஒரு நாள் லாரியில் ஏறிப் பார்த்திருக்கலாம், மடையன்.

"இன்னா சார், அந்த போர்டையே பாத்துகினு கீற?" என்றார் அக்கா. "எங்க வூட்டுக்காரரு வேல அதாலதான் போச்சு."

அவர் டிரெய்லர் டிரைவராம். ஒரு மழைநாள் காலையில் திருப்பத்தைக் கடைசி நொடியில் கண்டு ஒடித்ததில், வண்டி கேட் தூணில் இடித்துவிட்டது. அன்றே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"எழுத்தே தெர்லடின்னு அடிச்சி சொன்னாரு சார். நானே நம்பல. குடிச்சிட்டு ஓட்னியான்னு கேட்டுட்டேன். அன்னிலேர்ந்து எங்கூட மொகம் குடுத்துப் பேசறதில்ல."

நான்தான் வரைந்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "பாவம்க்கா" என்றேன், அவ்வளவுதான். அதே ஆட்டோவில் திரும்பி வந்து, போக வர எண்ணூறு ரூபாய் கொடுத்துவிட்டு இறங்கிப் போனேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எழுத்தை அகலமாக்கி யார்டுக்கு அனுப்பிவிட்டேன். அது சுலபமான வேலை. அடுத்த வாரம் இரண்டு நாள் அதே ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தும் அக்காவைக் காணோம்.

எண்ணூர் போகிறவர்கள் காலை ஆறுக்கு முன்னால் கிளம்புங்கள், மூக்குக்குத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெல்லா அக்காவின் ஆட்டோ கிடைத்தால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். அக்கா, உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குக் குடிக்கவில்லை. எழுத்து நிஜமாகவே தெரியவில்லை.