பிராகாரம் இல்லாத கோயில்

சென்ற ஆண்டு மார்ச் மாதம் நானும் என் மனைவியும் டெக்சாஸில், கேட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். நான்கு நாள் விடுமுறை கிடைத்ததும் மகள் எங்களை மெக்சிகோவில் உள்ள குவானஹுவாத்தோவுக்கு அழைத்துப் போனாள். ஸ்பானியர்கள் வெள்ளிச் சுரங்கத்துக்காகக் கட்டிய பழைய ஊர். வீடுகளுக்கு எல்லா நிறமும் உண்டு. தெருக்களுக்கு ஒழுங்கு மட்டும் கிடையாது. ஒரு சந்து படியாகி மேலே ஏறும். இன்னொன்று சுரங்கப்பாதைக்குள் இறங்கிவிடும். மம்மிகளை வைத்திருக்கும் மியூசியமும் பார்த்தோம். முப்பத்தாறு வருடம் பதிவுத்துறையில் இருந்த எனக்கு அசையாத மனிதர்கள் புதிதல்ல.

மூன்றாம் நாள் மகள் ஓட்டலிலேயே ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, சேர்ந்தே இருங்க. அம்மா போன்ல ரோமிங் இல்ல."

எனக்குச் சொல்ல வேண்டுமா? பாஸ்போர்ட்டுகள், நகல்கள், ஓட்டல் முகவரி எல்லாம் என் இடுப்புப் பையில்தான்.

மஞ்சள் நிறத் தேவாலயம் ஒன்றில் கும்பிட்டு வெளியே வந்ததும் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, சுத்திட்டு வந்தர்றேன்."

"இதென்ன பழனியா, பிராகாரம் இருக்க?"

"சாமி எங்கிருந்தாலும் சாமிதானுங்க."

போய்விட்டாள். காணாமல் போனால் கடைசியாகப் பார்த்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. ஐந்து நிமிடம் விதிப்படி நின்றேன். பிறகு அவள் போன வழியிலேயே போனேன். பக்கச் சந்து ஒன்று சுரங்கப்பாதைக்குள் இறங்கியது. உள்ளே இறங்கிப் பத்து நிமிடம் தேடினேன். பஸ் வெளிச்சம்தான் கண்ணில் அடித்தது. சுற்றி வாசலுக்கு வந்தால் அங்கும் அவள் இல்லை. மொழி தெரியாது, போன் வேலை செய்யாது, ஒரு துண்டுக் காகிதம்கூட அவளிடம் இல்லை.

வாசலில் மக்காச்சோளம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் சேலைத் தலைப்பைக் கையால் வரைந்து காட்டினேன். அவள் இரண்டு விரலைத் தூக்கினாள். பிறகு காற்றில் வட்டம் போட்டாள். இரண்டாவது தெருவா? இரண்டு பேர் கூட்டிப் போனார்களா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சிரித்தாள். வண்டியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து எதிர்ப்பக்கமாக இழுத்தாள்.

"நோ, நோ" என்றேன். அந்தப் பக்கம் போனால் அப்பிரதட்சிணம். அந்தப் பதற்றத்திலும் என் கால் நகர மறுத்தது. அவள் விடவில்லை.

தேவாலயத்துக்குப் பின்புறப் படிக்கட்டில் மனைவி எதிரே வந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எதிர்ப்பக்கமா வர்றீங்க? தப்புங்க."

"எங்க போய்த் தொலஞ்சே?"

"நான் எங்க போனேன்? இது மூணாவது சுத்து. வாசல்ல நீங்கதான் காணோம். பாத்ரூம் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்."

ஒரே திசையில் ஒருவர் பின்னால் ஒருவர் சுற்றியிருக்கிறோம். நான் சுரங்கத்தில் தேடிய நேரத்தில் அவள் என்னைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

மனைவி அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு, "நல்லா இருப்பே கண்ணு" என்றாள். எந்த மொழியும் தேவைப்படாமல் அவளுக்கு அது புரிந்தது. பிறகு மனைவி என் பக்கம் திரும்பி, "பாதி சுத்து பாக்கி இருக்குது, வாங்க" என்றாள். கூடவே நடந்தேன்.

இப்போதும் யாரையாவது காணோம் என்று பதறும்போது, அவர் தன் வழியில் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறாரோ, தொலைந்தவன் நான்தானோ என்ற சந்தேகம் வந்து என்னைச் சற்று நிறுத்திவிடுகிறது.