நெஞ்சுப் படமும் நான் விட்ட இரண்டு வரிகளும்

1998 ஆவணியில், ஒரு மாதமாக நிற்காத இருமலுக்காக டவுன் ஆஸ்பத்திரியில் என் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். அதோடு தந்த அறிக்கையைப் பலாங்கொடை பஸ்ஸிலேயே பிரித்தேன். வலது நுரையீரலின் மேல்பக்கம் நிழல் என்றது முதல் வரி. வீட்டில் அகராதியை வைத்து அடுத்த இரண்டு வரிகளையும் படித்தேன். பழைய வடுவாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். பழைய படத்தோடு ஒப்பிட்டுச் சளியைச் சோதிக்கவும். சொல் விளங்கியது. பிழைப்பேனா என்பது விளங்கவில்லை.

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருபது வருடம் படிப்பித்தவன் நான். ஆங்கிலத்தில் எந்தத் தாள் வந்தாலும் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். எனக்குத்தான் போக ஒரு மாஸ்டர் இல்லை.

அதே மூன்று வரிகளை ஆறு மாதம் முன்பே பார்த்திருந்தேன். கொழுந்தெடுக்கும் ராக்கம்மா கொண்டுவந்த தாளில். வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். முதல் வரியைப் படித்து, டிபிதான் என்றேன். மற்ற இரண்டும் சரியாக விளங்கவில்லை. அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு அதைச் சொல்ல வாய் வருமா? விட்டுவிட்டேன். அன்றிலிருந்து மலையில் தேத்தண்ணி குடிக்க அவருக்குத் தனிக் கிளாஸ்.

மாரியம்மன் சந்நிதியில் நின்று அழுதேன். சுகம் கேட்கக் கூசியது. "தாயே, இதை விளக்க ஒரு ஆளை அனுப்பு" என்று மட்டும் கேட்டேன். மனதில் நினைத்தது ஒரு டொக்டரை.

மறுநாள் காலை வந்தது ராக்கம்மா. படிக்குக் கீழேயே நின்றார்.

"மாஸ்டர், ஒங்களுக்கும் நெழலாமே. பயப்படாதீங்க. எனக்கு மூணு நாள் சளி எடுத்துப் பாத்தாங்க. ஒன்னுமில்ல, பழைய தழும்புதானாம்."

"எப்ப சொன்னாங்க?"

"அஞ்சு மாசமாச்சுங்க. நான் சொன்னா யாரு கேக்குறா? மாஸ்டரே படிச்சுச் சொன்னாரேங்கிறாங்க."

திட்டியிருந்தால் தேவலை. அவரே என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த என் பழைய படத்தை, மகள் கிரகணம் பார்க்கப் பத்திரப்படுத்தியிருந்தாள், அதுவும் வந்தது. டொக்டர் பேசியது சிங்களம். என் சிங்களம் பஸ் டிக்கெட் வாங்கத்தான் போதும். எனக்காக டொக்டரிடம் எல்லாம் கேட்டவர் ராக்கம்மா. இரண்டு படத்திலும் அதே நிழல், அதே இடத்தில். சளியிலும் ஒன்றுமில்லை. இருமல் மருந்தில் போனது.

பிறகு லயம் லயமாகப் போய், ராக்கம்மாவுக்கு நோயில்லை, பிழை என்னுடையது என்றேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கிளாஸ் மட்டும் தனியாகவே இருந்தது. என் முதல் சொல்லுக்கு இருந்த மதிப்பு இரண்டாவதற்கு இல்லை.

இப்போது யார் தாள் கொண்டுவந்தாலும், விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லி, கூடவே கிளினிக்குக்குப் போகிறேன். இத்தனை வயதில் கற்ற புதுப் பாடம் இதுதான்.

அம்மனை நம்புகிறவர்களே, உங்கள் கையிலும் விளங்காத தாள் இருக்கலாம். அவளிடம் கேளுங்கள், ஆளை அனுப்புவாள். வந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

அன்று ராக்கம்மாவை நான் உள்ளே வரச் சொல்லவில்லை.