சீலிங்கில் குடியிருந்த ஆள்

எங்கள் வீட்டுச் சீலிங்கில் பின்னேரமானால் சோறு மணக்கும். ரம்பை இலை போட்டு அவித்த சோறு. அந்த நேரத்தில் அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தலைத் தவிர ஒன்றும் இருக்காது. பக்கத்து வீட்டில் நேரத்தோடு சமைக்கிறார்கள் என்பார் அம்மா. மேலே தடதடவென்று ஓடும் சத்தத்துக்கு அப்பாவிடம் ஒரே விடைதான் இருந்தது: எலி. புறக்கோட்டைக்குப் போய் இருக்கிறதிலேயே பெரிய எலிப்பொறியாக வாங்கிவந்து, தேங்காய்ச் சொட்டுக் குத்தி மேலே வைத்தார். அதில் அகப்பட்டது அவருடைய பெருவிரல் மட்டும்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கை அது. ஒரே கூரையின் கீழ் முன்பாதியில் வீட்டுக்காரச் சிங்கள நோனா, பின்பாதியில் வாடகைக்கு நாங்கள். நடுவில் சுவர் இருந்தது. சீலிங்குக்கு மேலே சுவர் இல்லை. யுத்த காலம். கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் மறுநாள் தமிழ் வீடுகளின் கதவுகள் தட்டப்படும். வீட்டில் தங்கும் ஒவ்வொரு தமிழரின் பெயரும் பொலிசில் பதிந்திருக்கவேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மாவின் தம்பி, என் சின்னமாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் நாள் சொல்லும்வரை அவருக்கு வேலை, யன்னல் பக்கம் போகாமல் இருப்பது.

எனக்கு வேறு சோலி இருந்தது. பள்ளிக்கூடப் புத்தகம் என் தலையில் ஏறவே இல்லை. ஆனால் பின்மதிலில் கிடந்த எச்சத்தை வாசிக்கத் தெரிந்திருந்தது. கரிய உருண்டை, அதற்குள் பப்பாசி விதைகள் கழுவி எடுத்ததுபோல முழுசாக. எலியென்றால் விதையைக் கொறித்திருக்கும். இது விழுங்கியபடியே விட்டுவிட்டுப் போகிற சாதி. அதுவும் தினமும் மதிலின் அதே மூலையில்.

கக்கூசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்படியில் குந்தியிருந்து பார்த்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில், ஓடு விலகிய இடத்தில் முதலில் ஒரு மூக்கு வந்தது. பிறகு கறுப்பு முகம். பிறகு வால், வால், இன்னும் வால். மரநாய். மழைத்தண்ணி ஓடும் கூரைப் பீலியால் நடந்து, கரண்ட் கம்பியில் ஏறி, சர்க்கஸ்காரியைப் போல ஜம்பு மரத்துக்குப் போனது. அது போன பிறகும் ஓட்டுக்குள் கீச்சுச் சத்தம் கேட்டது: குட்டிகள். அது போன வழியெல்லாம் ரம்பைச் சோற்று மணம். அந்த மணம் அதன் வாலடியிலிருந்து வருகிறது என்பதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா பிறகு ரம்பை போட்டுச் சமைத்திருக்கமாட்டார்.

ஒருநாள் பின்னேரம் வாசலில் ஒரு சார்ஜன்ட் நின்றார். கூடவே துவக்கோடு ஒரு கான்ஸ்டபிள். பின்னால் நோனா.

“சீலிங்ல ஆள் இருக்கு,” என்றார் சார்ஜன்ட், உடைந்த தமிழில். “நடக்கிற சத்தம் வாறது. சோறு மேல குடுக்கிறது. நோனாவுக்கு மணம் வந்தது.”

“அது எலி, சேர்,” என்று அப்பா கட்டுப்போட்ட பெருவிரலைச் சாட்சிக்கு நீட்டினார்.

“எலி சோறு சமைக்குமா?”

கான்ஸ்டபிள் அறைக்குள் போய்ச் சின்னமாமாவைக் கொலரில் பிடித்துக் கொண்டுவந்தார். மேலே இருப்பவன் இறங்காவிட்டால் இவனை ஜீப்பில் ஏற்றுவோம் என்றார் சார்ஜன்ட். பிறகு அவரே துவக்கை வாங்கி, அதன் நுனியால் சீலிங் பலகையைத் தட்டினார். மேலே ஏதோ கீச்சென்றது.

“சுடாதேங்கோ அங்கிள், குட்டிகள் இருக்கு,” என்றேன்.

“வாயை மூடடி,” என்றார் அம்மா.

ஒழுங்கைப் பிள்ளைகளோடு விளையாடிப் பொறுக்கிய சிங்களத்தில், அது உகுடுவா என்று நான் மரநாய்க்கு அவர்களுடைய பெயரைச் சொன்னேன். நோனா விடவில்லை. “உகுடுவா பகல்ல தூங்குறது. இங்க பகல்லயும் சத்தம்.”

“அது குட்டியள். அதுகளுக்குப் பகல் இரவு தெரியாது. தாய் இப்ப இறங்கி வரும்.”

சார்ஜன்ட் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “வராட்டி மாமா ஜீப்ல.”

“வரும் எண்டு சொல்லுறன் எல்லே.”

எல்லாரையும் பின்வளவுக்குக் கூட்டிப்போனேன். அம்மா நறுக்கித் தந்த பப்பாசியை மதிலில் வைத்தேன். அவர் நறுக்கிய அவசரத்தில் அது பப்பாசிச் சம்பலாகத்தான் வந்திருந்தது. சார்ஜன்ட் சிகரெட் பற்றவைக்க, “மணந்தால் வராது, அணையுங்கோ,” என்றேன். அணைத்தார். கான்ஸ்டபிளிடம் சப்பாத்தை அசைக்க வேண்டாம் என்றேன். அசைக்கவில்லை. பொலிசுக்குக் கட்டளை போட்ட ஒரே தமிழ்ப் பிள்ளை அன்றைக்கு நான்தான்.

மூக்கு வந்தது. எங்களைப் பார்த்தது. உள்ளே போய்விட்டது.

சார்ஜன்ட் திரும்பிச் சின்னமாமாவைப் பார்த்தார். கொலரைப் பிடித்திருந்த கை இறுகியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை, பப்பாசியை விட்டுவிட்டுப் போகிற மரநாயை நான் கண்டதில்லை.

மறுபடி மூக்கு. இந்த முறை முழு உடம்பும் வந்தது. அதன் பின்னால் ஒன்று, இன்னொன்று, அதன் வாலை முகர்ந்தபடி மூன்றாவது. நான்கும் பீலியால் வரிசையாக நடந்து மதிலுக்கு இறங்கின. தாய் பப்பாசியில் வாய் வைக்க, குட்டிகள் அதன் வயிற்றுக்குள் முட்டின. மணம் வளவெல்லாம் பரவியது. நோனா மூக்கை நீட்டி இழுத்தார். “அனே, இதுதான் அந்தச் சோறு,” என்றார் மெதுவாக.

சார்ஜன்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நோனா, ஒரு ஆள் இல்ல. நாலு. பொலிசில பதிஞ்சதா?”

கொலரிலிருந்து கை விலகியது. எல்லாரும் சிரித்தார்கள், சின்னமாமா கொஞ்சம் பிந்தி. போகும்போது சார்ஜன்ட் அவருடைய தோளைத் தட்டி, “மல்லி, தம்பி, உங்கட முகம் இனி எனக்கு மறக்காது,” என்றார். எவ்வளவு நல்ல மனுசன் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் என்னைப் பிடிக்க முடியவில்லை. நோனா ஒரு தட்டு நிறையக் கொக்கிஸ் பலகாரம் அனுப்பினார், எனக்கென்று சொல்லி. எனக்கு முட்டை போட்டே கை சோர்ந்த கணக்கு ரீச்சர் என்னை வாங்கிலில் ஏற்றிக் கதை சொல்லவைத்தார். நான்காவது முறை சொல்லும்போது குட்டிகள் ஆறாகியிருந்தன.

வீட்டுக்கு வந்து பின்படியில் காத்திருந்தேன். ஓட்டுக்குள்ளிருந்து எதுவும் வரவில்லை. தாய் குட்டிகளைக் கழுத்தில் கவ்வி வேறு கூரைக்குக் கொண்டுபோயிருந்தது. உள்ளே அம்மா சின்னமாமாவின் சேர்ட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போக வான் வந்து நின்றது.

“ஏன் மாமா போறார்? பொலிஸ் சிரிச்சிட்டுத்தானே போனது?”

“ஓம், சிரிச்சுது,” என்றார் அம்மா.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் வென்று கொடுத்த வீட்டில் இருந்து அனுபவிக்கத் தெரியாத சனங்கள் என்று நினைத்தேன், மரநாயையும் சேர்த்து.