ஆடிக்கிருத்திகை மொட்டை

முருகனிடம் எந்த வேண்டுதலும் இல்லாமல் திருத்தணியில் முடி கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு ஐந்து வயது. வெள்ளைக்காரன் ஆட்சி இன்னும் முடிந்திருக்கவில்லை.

நாங்கள் கூடையும் முறமும் முடைகிற குறவர்கள். சட்டம் எங்களுக்குக் குற்றப் பரம்பரை என்று பெயர் வைத்திருந்தது. பெற்றவர்களோடு இருந்தால் பிள்ளைகளும் திருடக் கற்றுக்கொள்ளும் என்று சொல்லி, எங்கள் குழந்தைகளைப் பிரித்துத் தூரத்து விடுதிகளில் சேர்ப்பார்கள். என் அண்ணனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவன் முகம் எனக்கு நினைவில் இல்லை. அடுத்தது நான்.

ஆடிக்கிருத்திகையன்று சரவணப் பொய்கை ஓரம் அம்மா முறம் விற்றுக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைத் தேடிப் போலீஸ்காரர் வருகிறார் என்று நைனா ஓடிவந்து சொன்னார். அம்மா என்னை நாவிதரிடம் இழுத்துப்போய் மொட்டையடித்து, சந்தனம் பூசி, பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு நெசவுக்காரக் குடும்பத்தின் நடுவே உட்காரவைத்தாள். அங்கே ஏற்கெனவே மூன்று மொட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அந்த வீட்டுப் பெண்ணிடம் காதோடு ஏதோ சொல்லிவிட்டு, முறம் விற்ற இடத்துக்கே திரும்பிப் போய்விட்டாள்.

போலீஸ்காரர் வந்தார்.

"உன் பொண்ணு எங்கம்மே?"

"பெரிம்மா ஊட்டுக்குப் போயிக்கீதுங்க."

அவர் அம்மாவை அதட்டியதும் நான் "அம்மா!" என்று வீறிட்டேன். அம்மா தலை நிமிரவில்லை, முறங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

நெசவுக்காரப் பெண் என்னை வெடுக்கென்று மடியில் இழுத்துப்போட்டாள். "இங்கதானடி கீறேன்! முடி போச்சுன்னு காலைலருந்து அழுதுகினே கீறா, ஐயா. உங்க நைனா வரட்டும், ரெண்டு சாத்தச் சொல்றேன்."

"மொட்டைக்கா இவ்ளோ சத்தம்!" என்று சிரித்துக்கொண்டே அவர் நகர்ந்தார்.

எங்களைத் தொட்டால் குளிக்கிற காலம் அது. அவள் கணவர் முணுமுணுத்தார். "நீ சும்மா இருய்யா" என்றவள், தன் பிள்ளைகளுக்கு ஊட்டிய அதே கையால் எனக்கும் புளிச்சோறு ஊட்டினாள். அவள் பெயர் தெரியாது. பொதட்டூர்பேட்டைப் பேருந்தைக் கண்டால் இன்றும் என் கை தானாகக் கும்பிடுகிறது.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா வந்து கை நீட்டினாள். கூப்பிட்டும் பார்க்காதவளிடம் போகமாட்டேன் என்று அந்தப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினேன்.

"பாருக்கா, எங்கிட்ட வரமாட்டாளாம்!" என்று அம்மா சிரித்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். நான் அழும்போது இவளுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் இன்னும் கூடியது.