மூன்றாவது மிதியில் நிற்கும் கார்

என் அக்காள் வீட்டுக்காரர் பல் செட் செய்பவர். வீட்டு முன்னறைதான் அவருக்குப் பட்டறை. ஊரில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது இவர் புண்ணியத்தில்தான். ஆனால் தன் காரில் மட்டும் ஒரு போலித் திருகாணிகூட ஏற விடமாட்டார். எழுபது வயதான அந்தக் கறுப்புக் காருக்கு வைப்பர் ரப்பர் தேடி இரண்டு வருஷம் அலைந்தார். ஒருமுறை நான் புது மாடல் ஹாரன் மாட்டிவிட்டேன் என்று ஒரு மாதம் என் முகத்தில் விழிக்கவில்லை. குடும்பத்தில் அவருக்குப் பெயரே 'ஒரிஜினல்'.

நான் மெக்கானிக். அந்தக் கார் என் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாட்களைக் கூட்டினால் எனக்கும் அதில் பாத்தியதை உண்டு. அந்த உரிமையில் சொல்கிறேன்: வண்டி அழகு, பிரேக் அசடு. முதல் மிதிக்கு ஒன்றும் நடக்காது. இரண்டாவது மிதிக்கு யோசிக்கும். மூன்றாவதில்தான் நிற்கும்.

"டிஸ்க் பிரேக் மாத்திடலாம் அத்தான். சக்கரத்துக்குள்ள இருக்கும், வெளிய தெரியவே தெரியாது" என்று நூறு தரம் கெஞ்சியிருப்பேன்.

"உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னா அதுக்குப் பேரு காரா மாப்ளே?" என்பார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மூன்றாவது மிதிக்கும் அது நிற்கவில்லை. சாலையோர மணல் குவியலில் ஏறி முட்டியது. பக்கத்தில் இருந்த அக்காளுக்கு முகவாயில் நான்கு தையல். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தான் எல்லாரிடமும், "கண் அசந்துட்டேன்" என்றார். வண்டியை இழுத்துவந்து பார்த்த எனக்குத் தெரியும், அசந்தது அவர் அல்ல. பிரேக் குழாய் கசிந்து ஆயில் வறண்டு கிடந்தது. உண்மையைச் சொன்னால் அக்காள் வண்டியை விற்கச் சொல்வாள். காரின் பெயரைக் காப்பாற்றத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டார் மனுஷன். நானும் குழாயை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். தப்புதான், மறுக்கவில்லை.

அன்று முதல் காரில் ஏறினால் அக்காள் வாய் ஓயாது. அவர் தூங்கிவிடக் கூடாதே! பார்த்த சீரியல், பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் தீர்ந்தால் கடைப் பலகைகளைச் சத்தமாகப் படிப்பாள். உறவுக்காரர்கள் 'ரேடியோ' என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். நான் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன மாதம் கண் டாக்டர், அத்தான் இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"அதனால என்ன? எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு. நான் ஓட்டுறேன்" என்றாள் அக்காள்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே ஒரிஜினல் வாசலில் நின்றார்.

"மாப்ளே, புது பிரேக் போட்டுடு."

நான் காதைக் குடைந்துகொண்டேன்.

"நான் மிதிக்கிற வரைக்கும் பரவாயில்ல. அவ மிதிச்சு அது நிக்கலேன்னா..." கார் சாவியை என் கையில் திணித்தார்.

அன்று சக்கரத்திலிருந்து கழற்றிப் போட்ட பழைய பிரேக் டிரம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

வேலை முடிந்து வெள்ளோட்டம் கிளம்பினோம். அக்காள் ஸ்டியரிங்கில், அத்தான் பக்கத்தில், நான் பின் சீட்டில். முதல் திருப்பத்தில் அக்காள் பிரேக்கை மூன்று தரம் படபடவென்று மிதித்தாள். புது பிரேக் மூன்று தரமும் கப்பென்று பிடித்தது. என் மூக்கு முன் சீட்டில் இடித்தது.

"எதுக்கு மூணு தடவை மிதிக்கிறே?" என்று பதறினார் அத்தான்.

"நீங்க அப்படித்தானே மிதிப்பீங்க? பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன். ஏதோ ஸ்டைல்னு நினைச்சேன்."

"ஸ்டைலெல்லாம் இல்ல. பழசு ஒரு மிதிக்குப் பிடிக்காது" என்று உளறிவிட்டார்.

அக்காள் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தாள்.

"அப்ப, அன்னைக்கு மணல்ல ஏறினது?"

ஒரு பொய் சொல்ல அவகாசம் இருந்தது. அவர் சொல்லவில்லை.

"நான் தூங்கல. பிரேக்தான் பிடிக்கல. சொன்னா நீ வண்டியை வித்துடச் சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

"ஒம்பது வருஷம்" என்றாள் அக்காள். "காய்ச்சல்ல தொண்டை கட்டினப்பகூடப் பேசிக்கிட்டே வந்திருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீதானேடா ரிப்பேர் பாத்தே? உனக்கும் தெரியுமா?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

"ரெண்டு பேரும் இறங்குங்க."

இறங்கினோம். அக்காள் எங்களை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அத்தான் கண்ணை இடுக்கிக்கொண்டு சாலை முனையையே பார்த்தார்.

"குறுக்க லாரி வர்ற சத்தம் கேக்குது மாப்ளே. அவ நின்னுட்டாளா? எனக்குத் தெரியல."

"நின்னுட்டா அத்தான். ஒரே மிதி."

அவர் நடைபாதை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கே போட்டிருக்கணும்டா" என்றார்.