காளைக்குப் போன சவுரி

அரசாங்கம் எங்கள் குடும்பத்துக்குக் கேட்காமலே ஒன்றைக் கொடுத்தது அதுதான் முதல்முறை. அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மழை பொய்த்துக்கொண்டே இருந்த காலம். சத்தியமங்கலம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். சோளத்தட்டெல்லாம் தீர்ந்து, மாட்டுக்கு எதைப் போடுவது என்று அப்பா தவித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு மார்ச் மாதத்தில்தான் லாரி நிறைய சவுண்டல் என்கிற தீவன மரத்தின் நாற்று வந்து இறங்கியது. தீவனத் தட்டுப்பாட்டைப் போக்கும் திட்டமாம். நல்ல எண்ணம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மண்டையைப் பிளக்கும் வெயிலில் யாராவது நாற்று நடுவார்களா? மாதம் முடிவதற்குள் நாற்றையெல்லாம் தள்ளியாக வேண்டும் என்று வந்த அதிகாரி கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஐம்பது போதும் என்றவர்களுக்கு ஐந்நூறு கிடைத்தது. திறப்பு விழாவுக்குப் பந்தல், மாலை, மைக்செட் எல்லாம் வந்தன. சாலையோரத்தில் எங்கள் வீட்டுக் கதவை விடப் பெரிதாக ஒரு சிமெண்டுப் பலகையும் நட்டார்கள்.

வேறு எந்தச் செடியாக இருந்தாலும் அந்த வெயிலுக்குச் செத்திருக்கும். இதற்குச் சாகவே தெரியவில்லை. அடுத்த வருஷம் தலைக்கு மேலே வளர்ந்து நின்றது. அந்த அதிகாரி மைக்கில் ஒன்று சொல்லியிருந்தார். தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சவுண்டல் தழை இருக்க வேண்டும், மீறினால் மாட்டுக்கு ஆகாது என்று. எங்கள் ஊர்க்காரர்கள் தலையாட்டிவிட்டு வந்தார்கள். நான் அப்பாவிடம் ஞாபகப்படுத்தியபோது, "சும்மா கெடைக்கறதுக்கு என்ன கண்ணு அளவு?" என்றார்.

அளவு இருந்தது. சவுண்டலையே தின்ற மாடுகளுக்கு வால் முடி கொட்ட ஆரம்பித்தது. எங்களிடம் ஒரு காங்கேயம் மயிலைக்காளை இருந்தது. அப்பாவுக்கு அது மூத்த மகன் மாதிரி, நான்கூட அதற்கு அடுத்துதான். அதன் கரிய வால் குஞ்சம் முழுக்க உதிர்ந்து, வால் முருங்கைக்காய் மாதிரித் தொங்கியது. ஈ ஓட்டக்கூட முடியாமல் அது பரிதாபமாகத் திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

உடனே இன்னொரு துறை விழித்துக்கொண்டது. முடி கொட்டுவதற்குக் களிம்பு, அதுவும் இலவசம், வீட்டுக்கு இரண்டு டப்பா. வேடிக்கை என்னவென்றால், சவுண்டல் எப்படி வளர்கிறது என்று பார்க்க வருபவரும் களிம்பு கொடுக்க வருபவரும் ஒரே ஜீப்பில்தான் வருவார்கள். முன்சீட்டுக்காரர் தழையைத் தொட்டுப் பார்த்து எழுதிக்கொள்வார், பின்சீட்டுக்காரர் வாலைத் தொட்டுப் பார்த்து எழுதிக்கொள்வார். இருவரும் எங்கள் வீட்டு மோரைக் குடித்துவிட்டுப் போவார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் எட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் நேராகப் பெண்ணைப் பார்த்துவிட மாட்டார்கள். முதலில் ஆண்கள் கட்டுத்தரைக்குப் போவார்கள். மாடு கட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தால் குடும்பத்தின் லட்சணம் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. என்னைப் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் கட்டுத்தரையிலிருந்தே முகம் சுருங்கித் திரும்பின. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். 'அந்தக் கட்டுத்தரையில ஏதோ நோவு இருக்குது' என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரே ராத்திரியில் அத்தனை சவுண்டலையும் வெட்டிச் சாய்த்திருப்பேன்.

மூன்றாவதாக வந்த வரன்தான் எனக்கு வேண்டியிருந்தது. கோவையில் ஒரு பம்ப்செட் பட்டறையில் வேலை. அதற்கு முன் ஓர் உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் அவர் ரசம் பரிமாறிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே பக்கத்து இலைக்காரர் கை மேல் ஊற்றிவிட்டார். அந்த மனிதர் அலறிய அலறலில் பந்தியே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து ரசம் ஊற்றியவரை எனக்குப் பிடித்துப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. இதுவும் தவறிப்போனால் தாங்காது என்று மட்டும் தெரிந்தது.

அவர்கள் வருகிற அன்று காலையில் வீட்டில் ஒரு பிரச்சினை. முந்தைய வருஷம் டைபாய்டு வந்து என் முடி பாதியாகக் குறைந்திருந்தது. பின்னல் எலிவால்தான். அதற்காக அம்மா தன் சவுரியை எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல கனமான சவுரி, தேங்காய் எண்ணெய் மணக்கும். அதை என் தலையில் வைக்கப்போகும் நேரத்தில் அப்பா உள்ளே வந்து பார்த்தார். அவர் கண் சவுரியிலேயே நின்றது.

"ஏ புள்ளே, அதை இங்க குடு. காளைக்குக் கட்டிப்போடலாம். நெறங்கூட ஒத்துப்போவுது."

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்களா? புள்ளைக்கு வெக்க வேண்டாமுங்களா?"

"அவளுக்குக் கொஞ்சமாச்சும் இருக்குது. அதுக்கு ஒண்ணுமே இல்லியே!"

நான் அழுதேன், கத்தினேன், கொண்டையூசியை வீசி எறிந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சவுரி காளைக்குப் போனது. அம்மா கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டிவிட்டாள். வால் மொட்டையான பசுக்களைப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓட்டியாயிற்று. நான் எலிவால் பின்னலில் ஒரு முழம் மல்லிகையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கட்டுத்தரையைப் பார்த்த ஜன்னலோரம் நின்றேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வாராவாரம் பொள்ளாச்சி மாட்டுச்சந்தைக்குப் போகிறவர். காளையின் பல்லைப் பார்த்தார், சுழி பார்த்தார், திமிலைத் தட்டினார். நல்ல காளை என்று வாய்விட்டே சொன்னார். அப்பாவுக்குப் பூரிப்பு. அப்புறம் நடை பார்ப்பதற்காக, சந்தையில் செய்கிற பழக்கத்தில், வாலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார்.

காளை நடந்துபோனது. வால் அவர் கையிலேயே இருந்தது.

அவர் சவுரியைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார். "ஏனுங்க, உங்க ஊர்ல காளைக்குத் தேங்கா எண்ணெ வெச்சுத்தான் தலை வாருவீங்களா?" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது மாப்பிள்ளை.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "சவுண்டலுங்க. சர்க்காருல குடுத்தாங்க, நாந்தான் அளவு தெரியாமப் போட்டுப்போட்டேன். வேற நோவெல்லாம் இல்லீங்க" என்றார். அப்படி ஒரு குரலில் அவர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. சவுரி போன கோபமெல்லாம் போய், அவர்மேல் பாவமாக இருந்தது.

தாய்மாமன் சவுரியும் கையுமாக வீட்டுக்குள் வந்து தன் தங்கையின் காதில் ஏதோ சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நேராக என்னிடம் வந்தார். என் பின்னலைப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழு!

"ஐயோ!"

"வலிக்குதா கண்ணு?"

"வலிக்காம என்னங்க? என்ற சொந்த முடியுங்க!" என்று சீறிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் பின்னலை விடவில்லை. அப்படியே பிடித்தபடி கூடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "ஏனுங்கண்ணா, இது நெசமுங்க! காளைக்கு ஒட்டு வெச்சவங்க, புள்ளைக்கு வெக்கல. இதைவிட நாணயமான எடம் நமக்கு எங்கீங்க கெடைக்கும்?"

அன்றைக்கே தட்டு மாற்றினார்கள். சவுண்டலை வேரோடு பிடுங்குவதற்கு அடுத்த வருஷம் மூன்றாவதாக ஒரு திட்டம் வந்ததும், அதற்கும் அதே இடத்தில் பந்தல் போட்டதும் தனிக் கதை. தழையை அளவாகப் போட்டதும் காளைக்கு ஆறே மாதத்தில் பழையபடி குஞ்சம் வளர்ந்துவிட்டது. எனக்குத்தான் வளரவில்லை.

எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் மாமியார் இந்தக் கதையைச் சொல்லி, என் எலிவாலைத் தூக்கிக் காட்டி, எங்கள் குடும்பத்தின் நேர்மையைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொள்வார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் சவுரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பதை இன்று வரை அவரிடம் நான் சொல்லவில்லை.